மாதுளைக்கு ஏழு பாட்டன்

எங்கள் பக்கத்தில் ஒருவனை அவமானப்படுத்த வேண்டுமானால் கையை ஓங்கத் தேவையில்லை. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வைத்து, "உன் ஏழு பாட்டன் பேரைச் சொல்லு, கேப்போம்" என்றால் போதும். அப்பன், அப்பனுக்கு அப்பன் என்று ஏழு தலைமுறையைத் தடுக்காமல் சொல்லத் தெரியாதவன் கிர்கிஸ்காரனே இல்லை, எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட அடிமை என்று அர்த்தம். எனக்கு ஐந்து பேர் நன்றாக வரும். ஆறாவது, ஏழாவது பாட்டன்களுக்கு நானே பெயர் வைத்திருக்கிறேன். கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு ஆறாவதே தெரியாது என்பதால் இதுவரை மாட்டிக்கொள்ளவில்லை.

மனிதர்களை இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தவரை தொல்லை இல்லை. சொற்களையும் கேட்டால் என்ன என்று மேலே யாருக்கோ ஒரு நாள் தோன்றிவிட்டது. ஓஷ் நகரத்தில் ஒரு கட்டடத்துக்கு வெள்ளையடித்து, 'தூய சொற்களின் வம்சாவளிச் சரிபார்ப்புக் கழகம்' என்று பலகை மாட்டினார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன் நம் முன்னோர் பேசிய துருக்கியச் சொல்லின் வயிற்றில் பிறந்ததா இந்தச் சொல், இல்லை வழியில் வந்து ஒட்டிக்கொண்டதா என்று அங்கே விசாரிப்பார்களாம். நாங்கள் அதைப் பாட்டன் ஆபீஸ் என்றோம்.

என் பெயர் ஒமுர். ஊருக்கும் ஓஷுக்கும் நடுவே மினிபஸ் ஓட்டுகிறேன். டிரைவர் என்பவன் எல்லாரையும் சந்தேகப்பட வேண்டும். கை காட்டுகிறவன் ஏறுவானா, ஏறுகிறவன் காசு கொடுப்பானா, மடியில் மூட்டை வைத்திருக்கிறவள் மூட்டைக்குள் ஆடு வைத்திருக்கிறாளா என்று பார்த்துப் பார்த்தே எனக்குக் கண் சுருங்கிவிட்டது. அப்படிப்பட்ட என்னையே அந்த ஆபீஸ் தோற்கடித்தது.

பக்கத்து வீட்டு எர்கேஷ் அண்ணன் மனைவி அனார்கான் போன வருஷ இலையுதிர் காலத்தில் இறந்துபோனார். அனார் என்றால் மாதுளை. பொருத்தமான பெயர்தான். வெளியே கொஞ்சம் கடுகடுப்பு, உள்ளே அத்தனையும் இனிப்பு. என் பையனுக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் எங்கள் வீட்டிலேயே இருந்து என்னையும் திட்டிக்கொண்டு அவனையும் பார்த்துக்கொண்டவர்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எர்கேஷ் அண்ணனின் கவலை முழுக்க அதில்தான் இருந்தது. "ஏழு பாட்டன் வரிசையில பொம்பளை பேரே வராது, ஒமுர். பிள்ளையும் இல்ல, அம்மான்னு சொல்லிக்க. நான் போயிட்டா இப்படி ஒருத்தி இருந்தாங்கிறதுக்கு என்ன இருக்கு? கல்லுலயாவது அவ பேரு இருக்கட்டும்" என்றார். இறந்து ஒரு வருஷம் ஆனதும் ஊரைக் கூட்டிப் போடும் வருஷ விருந்துக்கு முன் கல் நட்டுவிட வேண்டும். கருங்கல் வாங்கியாயிற்று. கொத்தனும் உளியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அங்கேதான் எர்கேஷ் அண்ணன் அந்தக் காரியத்தைச் செய்தார். போய் அனுமதி கேட்டார்.

மனிதர் வாழ்நாள் முழுக்க கால்வாய்க் காவல் வேலை பார்த்தவர். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று மேலே கேட்டு மதகைத் திறந்து, மேலே கேட்டு மூடியவர். தன் வீட்டு வாசலில் வாதுமைக் கன்று நடவே ஊர் ஆபீசில் கேட்டுவிட்டு வந்தவர். பாட்டன் ஆபீசின் உத்தரவு நகரத்துக் கடைப் பலகைகளுக்குத்தான். கல்லறையைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. இவர் போய், "ஐயா, கல்லறைக்கும் உங்ககிட்டதான் கேக்கணுமா?" என்று கேட்டபோது அவர்களுக்கே அது புதிய செய்தியாக இருந்திருக்கிறது. உடனே, "பின்னே, வேற யாருகிட்ட கேப்பீங்க?" என்றார்களாம்.

யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்று நான் இரண்டு வாரம் ஊரில் எல்லார் முகத்தையும் உற்று உற்றுப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால் அவரேதான்.

விசாரணைக்கு என் வண்டியிலேயே போனோம். வாசல் காவலாளியிடம் எர்கேஷ் அண்ணன் நெஞ்சில் கைவைத்து சலாம் சொன்னார்.

"அதை வெளியில வச்சிட்டுப் போங்க" என்றான் அவன்.

"எதைத் தம்பி?"

"இப்ப சொன்னீங்களே, அதை. அது அரபி. திரும்பிப் போகும்போது எடுத்துக்கலாம்."

எர்கேஷ் அண்ணன் நிஜமாகவே ஒரு பக்கம் ஒதுங்கி நின்று சுற்றுமுற்றும் பார்த்தார், எங்கே வைப்பது என்று. நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

கூடத்தில் சுவர் முழுக்க மரங்கள் வரைந்திருந்தார்கள். ஒவ்வொரு மரத்தின் வேரிலும் ஒரு பழைய சொல், குதிரை மேல் உட்கார்ந்தபடி. கிளையெல்லாம் அதன் பிள்ளை குட்டிகள். நடுவில் இருந்த பெரிய மரம் 'கல்' என்ற சொல்லுடையது. ஆயிரம் வருஷத்துக் கல்வெட்டிலேயே இருக்கிற சொல்லாம். அதன் பேரன்கள் துருக்கியில் ஒருவன், கசாக்கில் ஒருவன், சைபீரியக் காட்டில் ஒருவன் என்று தொப்பியோடு நின்றார்கள். வோல்கா பக்கத்துப் பேரன் ஒருவனுக்கு முகஜாடையே மாறிப்போய்விட்டதால் அவனை மட்டும் ஓரமாக, கொஞ்சம் மரத்துக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள்.

ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சட்டையில் பெயர் அட்டை உண்டு, அட்டையில் பெயர் இல்லை.

"உன் பேரு என்னம்மா?" என்றார் எர்கேஷ் அண்ணன்.

"விசாரணையில இருக்கு, பெரியப்பா. வர்ற வரைக்கும் என்னை ஜன்னலோரத்துப் பொண்ணுன்னு கூப்பிடுறாங்க. நீங்களும் அப்படியே கூப்பிடுங்க."

தலைவர் வந்தார். பெயர் குத்லுக். ஆயிரம் ஆண்டுக்கு முன் செத்துப்போன ஏதோ தளபதியின் பெயர் என்று பலகையில் போட்டிருந்தது. எனக்கு அவரைத் தெரியும். எங்கள் சந்தையில் ரொட்டி விற்ற கிழவரின் மகன். அப்போது பெயர் ஷம்ஷிதீன், சுத்த அரபி. என் வண்டியில் மூக்கொழுகிக்கொண்டு போன பையன்தான். அவருக்கும் என்னைத் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அப்படி மறு பக்கம் பார்த்துக்கொண்டு நடக்க மாட்டார்.

கூடத்தின் நடுவே ஒரு வெற்று நாற்காலி கிடந்தது. சொல் உட்காருவதற்கு. ஏழு தலைமுறை சுத்தமான சொல் வந்தால் நாற்காலியில் வெள்ளைக் கம்பளம் விரிப்பார்களாம், எல்லாரும் எழுந்து குனிவார்களாம். சந்தேகத்துக்குரிய சொல்லுக்கு வெறும் பலகை.

"சொல் எங்கே?" என்றார் தலைவர்.

"வாயிலதான் இருக்குங்க ஐயா."

"வெளியில விடுங்க."

"அனார்கான்" என்றார் எர்கேஷ் அண்ணன். வருஷம் முழுக்க அவர் அந்தப் பெயரை இத்தனை சத்தமாகச் சொல்லியிருக்க மாட்டார். தலைவர் நாற்காலியைப் பார்த்துப் பேசினார்.

"கான் நம்ம பட்டம், அது இருக்கட்டும். அனார் எங்கிருந்து வந்துச்சு? உன் அப்பன் யாரு?"

நாற்காலி பதில் சொல்லவில்லை. எர்கேஷ் அண்ணன்தான் சொன்னார். "பாரசீகத்துலயும் அனார்தான் ஐயா."

"பாட்டன்?"

"அதுவும் அனார்தான்னு நினைக்கிறேன்."

"அப்பனுக்கும் பிள்ளைக்கும் பாட்டனுக்கும் ஒரே பேரா? ஊரை ஏமாத்திட்டு ஓடுறவன் வீட்லதான் இப்படி இருக்கும்." சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். "பெரியவரே, ஒரு சொல்லைப் பாத்தா அது எங்கிருந்து வந்ததுன்னு கேக்குறது சின்னப் பசங்க வேலை. எதுக்கு வந்ததுன்னு நான் கேப்பேன். நம்ம வாய்க்குள்ள வந்து உட்கார இந்த மாதுளைக்கு என்ன அவசியம்? நாம கூப்பிட்டோமா? யாரோ கதவைத் திறந்து விட்டிருக்காங்க. யாரு அது?"

"பழம் வந்துச்சுங்க. கூடவே பேரும் வந்துச்சு."

"பாத்தீங்களா, ஒத்துக்கிட்டாரு" என்றார் தலைவர் மற்றவர்களிடம். பிறகு நாற்காலியிடம் திரும்பி, "பிள்ளைகள் உண்டா?" என்றார்.

எர்கேஷ் அண்ணன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். "இல்லைங்க. ரெண்டு தடவ தங்கி, போயிடுச்சு. அதுக்கப்புறம் இல்ல."

"உங்களைக் கேக்கல. சொல்லைக் கேட்டேன்."

ஜன்னலோரத்துப் பெண் வெளியே பார்த்துக்கொண்டாள். எனக்கு அந்த நாற்காலியைத் தூக்கித் தலைவர் தலையில் போட வேண்டும்போல இருந்தது.

எர்கேஷ் அண்ணன் கோபப்படவில்லை. அவருக்கு அது தெரியாது. ஏதோ கணக்கு விட்டுப்போனதுபோல யோசித்துவிட்டுக் கேட்டார். "ஐயா, ஏழு தலைமுறைக்குள்ள பொண்ணு எடுக்கக் கூடாதுன்னுதானே நம்ம வழக்கம். அதனாலதானே ஏழு பாட்டன் பேரையே படிச்சு வச்சிருக்கோம். எங்க அம்மா வேற வம்சம். அவங்க அம்மா வேற. உங்க வீட்லயும் அப்படித்தான் இருக்கும். அப்ப பாட்டன்மாரு மட்டும்தான் நம்ம ஆளு, அம்மாமாரு எல்லாருமே வெளியில இருந்து வந்தவங்கதானே. இந்தச் சொல்லும் அப்படி வந்த மருமகளா இருந்துட்டுப் போகட்டுமே."

தலைவர் சுவரில் இருந்த மரங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"சொற்களுக்கு அம்மா கிடையாது" என்றார். "இதை உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லலைங்க."

"அதுதான் சந்தேகமா இருக்கு. நாளைக்கு வாங்க."

மறுநாள் போனோம். வாயில் சாத்தியிருந்தது. காவலாளி, "இன்னைக்கு என்ன நாள்?" என்று எங்களைக் கேட்டான்.

"புதன்."

"அது விசாரணையில இருக்கு. நேத்து ராத்திரிதான் தெரிஞ்சுது, கிழமைப் பேருல ஆறு பாரசீகம், வெள்ளி அரபியாம். ஏழும் மாட்டிக்கிச்சு. அதுங்க விடுதலையாகுற வரைக்கும் ஆபீசுக்கு வேலை நாளே கிடையாது."

"சம்பளம்?"

"அது மாசக் கணக்கு" என்றான்.

பிறகு அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நேற்று, இன்று, நாளை மூன்றும் ஏழு தலைமுறை சுத்தம். நேற்று யாரும் வர முடியாது. இன்று வந்தால் வேலை செய்ய வேண்டியிருக்கும். ஆகவே எல்லாரையும் நாளைக்கு வரச் சொல்லிப் பலகை மாட்டினார்கள். பாட்டன் ஆபீஸ் போட்ட உத்தரவுகளிலேயே எல்லாருக்கும் பழகியிருந்த உத்தரவு அது ஒன்றுதான்.

எங்கள் ஊரிலும் பயம் பரவியது. ரொட்டிக்கும் தேநீருக்கும் பாட்டன் சரியில்லை என்று யாரோ சொல்லிவிட்டார்கள். தேநீர்க் கடையில் ஆட்கள் விரலால் சுட்டிக் காட்டி வாங்கினார்கள். ஒருவன் வாயைத் திறந்தால் மற்றவர்கள் பக்கத்து மேசையைப் பார்த்தார்கள். வண்டியில் புதிய முகம் ஏறினால் பேச்சு நின்றுபோகும். ஒரு நாள் நான் இருமியதற்கே பின்சீட்டில் ஒருவர் திடுக்கிட்டார். ஊருக்கு ஊர் ஆள் வைத்திருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். பார்த்தவர் யாருமில்லை. அதனால் எல்லாரும் நம்பினார்கள்.

விருந்து நெருங்கியது. கொத்தன் உளியைத் திரும்பவும் தீட்டினான். எர்கேஷ் அண்ணன் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். அதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் தெருக்கோடி சாய்ரா அக்கா ஒரு நாள் வந்து அவர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்தார்.

"அட, இதுக்கா இவ்வளவு மண்டையை உடைச்சுக்கிறீங்க" என்றார். "கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து மாமனார் பேர மருமக சொல்லக் கூடாதுன்னு எங்க வாயக் கட்டுனீங்கல்ல? எங்க மாமனார் பேரு, கொல்லன் உலையில காய்ச்சி அடிக்கிறது. நான் இன்னைக்கு வரைக்கும் ஆணியக்கூட கறுத்ததுன்னுதான் சொல்றேன். மனுசன் செத்துக் காலமாச்சு. பேரைச் சொல்லாம ஆளைச் சொல்றது எப்படின்னு எங்களக் கேளுங்க. அந்த ஆபீசுக்காரனுக்கு எங்க அளவுக்குப் பழக்கம் இருக்காது."

அவரும் நாலு பெண்களும் உட்கார்ந்தார்கள். பலகாரம் பொரிபட்டு முடிவதற்குள் மூன்று பெயர் தயார். உள்ளே சிவந்தவள். நிறைய விதைக்காரி. மதகுக்காரன் வீட்டு வெளிச்சம். மூன்றும் கல்வெட்டுக் காலத்திலிருந்து இருக்கிற சொற்களால் கட்டியவை. பழைய சொல் எது என்று சாய்ரா அக்காவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவருக்குத் தெரியாது. பாட்டன் ஆபீஸ் தடை செய்யாததை எல்லாம் பொறுக்கியிருக்கிறார்.

ஆபீசில் மூன்று பெயரையும் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நிபுணர்கள் சுற்றி வந்து பார்த்தார்கள். ஒவ்வொரு சொல்லும் ஏழு பாட்டனையும் ஒப்பித்தது. வெள்ளைக் கம்பளம்கூட எடுத்து வரப் போனார்கள்.

தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் முன்னால் ஒரு கோப்பை இருந்தது. தேநீர் சீனத்துச் சொல் என்பதால் அதை இப்போது அவர் கொதித்த இலை என்று கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாமே சுத்தமா இருக்கு" என்றார். "எனக்கு அங்கதான் இடிக்குது. சாதாரண ஜனங்க பேசுனா நாலுல ரெண்டு களவாணிச் சொல் இருக்கும். அதுதான் இயல்பு. நான்கூட வீட்ல அப்படித்தான் பேசுறேன். இவ்வளவு சுத்தமா ஒருத்தரு பேசுறாருன்னா, எங்களுக்குப் பயந்து பேசுறாருன்னு அர்த்தம். பயப்படுறவன் எதையோ மறைக்கிறான். உள்ளே சிவந்தவள்னா யாரு? சொல்லுங்க."

"என் பொண்டாட்டிங்க."

"பேரு?"

எர்கேஷ் அண்ணன் வாயைத் திறந்து மூடிக்கொண்டார்.

"பாத்தீங்களா. அதே மாதுளை, சட்டையை மாத்திப் போட்டுக்கிட்டு வந்து நிக்குது."

திரும்பும்போது கூடத்துக் கோடியில் எர்கேஷ் அண்ணன் நின்றுவிட்டார். அங்கே ஒரு நெட்டைக் கல் இருந்தது. சைபீரியாவில் யெனிசெய் ஆற்றங்கரையில் கிடைத்த ஆயிரம் வருஷக் கல் ஒன்றின் சாந்து அச்சு. கீறல் கீறலாகப் பழைய எழுத்து. ஆபீஸ் முழுக்க இந்த மாதிரிக் கல்லை வைத்துத்தான் சொற்களுக்குப் பாட்டன் பார்த்தார்கள்.

"இதுல என்னங்க எழுதியிருக்கு?" என்றார்.

தலைவருக்கு அதைப் படித்துக் காட்டுவதில் பெருமை. கம்பீரமாகப் படித்தார். யாரோ ஒருத்தன், பெயர்கூடப் பாதி அழிந்துவிட்டது. உள்வீட்டில் இருந்த மனைவியைப் பிரிந்தேன், குதிரைகளைப் பிரிந்தேன், இனி வெயிலைப் பார்க்க மாட்டேன் என்று எழுதியிருந்தது.

எர்கேஷ் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கல்லறைக் கல்லுங்களா?"

"ஆமா. கிடைச்சதுல முக்கால்வாசி கல்லறைதான்."

"இதை எழுத அவரு யாருகிட்ட அனுமதி வாங்குனாரு ஐயா?"

வம்புக்குக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். தானும் அங்கேயே போய்க் கேட்கலாமே என்ற எண்ணம். ஜன்னலோரத்துப் பெண் குனிந்துகொண்டாள், தோள் குலுங்கியது. தலைவரின் கோப்பை கையில் அப்படியே நின்றது.

"அந்தக் காலத்துல ஆபீஸ் கிடையாது" என்றார். "அதனாலதான் அவங்க பாட்டுக்கு மனசுல பட்டதையெல்லாம் எழுதி வச்சிட்டுப் போயிட்டாங்க. அதைச் சரிபார்க்கத்தான் இப்ப நாங்க கஷ்டப்படுறோம். நான் மட்டும் அப்ப இருந்திருந்தேன்னா இதுல பாதிக் கல்லு நின்னிருக்காது."

சொல்லி முடித்தபின் அவருக்கே ஏதோபோல இருந்திருக்க வேண்டும். பெருந்தன்மை வந்துவிட்டது. "வெறுங்கையோட போக வேண்டாம். சந்தேகத்துக்கே இடமில்லாத ஒரு சொல்லு உங்களுக்குத் தர்றேன்" என்று பெரிய மரத்தைக் காட்டினார். 'கல்'. வெள்ளைக் கம்பளம் விரித்தார்கள். எல்லாரும் எழுந்து குனிந்தார்கள். எர்கேஷ் அண்ணனும் குனிந்தார். நான் செருப்புவாரைச் சரிசெய்வதுபோல் குனிந்தேன்.

அப்படித்தான் எங்கள் ஊர்க் கல்லறைத் திட்டில், சாலையைப் பார்த்தபடி, 'கல்' என்று எழுதிய ஒரு கல் நின்றது. கொத்தன் கேட்டேவிட்டான், "அது கல்லுன்னு பாத்தா தெரியாதா?" என்று. எர்கேஷ் அண்ணன் அனுமதி கிடைத்தது அதற்குத்தான் என்றார்.

அதுவும் நிலைக்கவில்லை. ஆபீசிலிருந்து ஒரு சோதனைக்காரர் வந்து, கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு போகிறவர் வருகிறவரை எல்லாம் மறித்து, "இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார். ஆடு மேய்ப்பவர் பார்த்துவிட்டு, "அனார்கான்" என்றார். சாய்ரா அக்கா, "அனார்கான்" என்றார். பள்ளிக்கூட வாத்தியார், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த மனிதர், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அனார்கான்" என்றார். என்னையும் கேட்டார். நான் மட்டும் வேறு என்ன சொல்வேன்?

ஆயிரம் வருஷ வம்சத்தில் வந்த சொல் ஒன்று அந்நியச் சொல்லுக்கு வீடு கொடுத்து வைத்திருப்பதாக முடிவாயிற்று. 'கல்' திரும்பப் பெறப்பட்டது. விருந்துக்கு முந்திய வாரம் கொத்தன் வந்து தேய்த்தெடுத்தான். வெறும் கருங்கல், கண்ணாடி மாதிரி வழவழவென்று நின்றது. எர்கேஷ் அண்ணன் அதன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நான் வண்டியை நிறுத்திவிட்டுப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அந்த வாரம்தான் எனக்கு ஒரு விஷயம் தென்பட்டது. சாலையில் திரும்பும் இடத்தில் கல்லறைத் திட்டு வண்டி ஜன்னலுக்கு நேராக வரும். எத்தனையோ கல், எத்தனையோ பெயர், முகம் செதுக்கியதுகூட உண்டு. ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர், "டிரைவர், அந்த வெறும் கல்லு யாரோடது?" என்று கேட்டார்கள். பேச்சே செத்துப்போன வண்டியில் அது ஒன்றைத்தான் துணிந்து கேட்டார்கள். நான் சொன்னேன். எங்கள் பக்கத்து வீட்டு அனார்கான், இன்ன மாதிரி மனுஷி, என் பையனுக்குக் காய்ச்சல் வந்தபோது இப்படி. கேட்டவர் அடுத்த நாள் இன்னொருவருக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு கிழவர், தனக்கு அனார்கான் தூரத்து உறவு என்றுகூடச் சொல்லிவிட்டார். நான் சந்தேகப்பட்டேன், ஆனால் மறுக்கவில்லை. இதை எர்கேஷ் அண்ணனிடம் சொன்னபோது அவர், யார் யார் கேட்டார்கள் என்று ஒவ்வொருவராக விசாரித்துத் தெரிந்துகொண்டார்.

வருஷ விருந்து வந்தது. குதிரை அறுத்து, பெரிய கொப்பரைகளில் சோறு ஏறி, முற்றத்தில் பெண்கள் ஒப்பாரியைத் தொடங்கினார்கள். ஒப்பாரியில் பேரைச் சொல்லித்தான் அழ வேண்டும், அதற்குத் தடை வரவில்லை, யாரும் போய்க் கேட்காததால். ஆண்கள் நாங்கள் துஆ ஓதக் கல்லறைக்குப் போனோம். அப்போது சாலையில் இரண்டு கார்கள் வந்து நின்றன. தலைவர் இறங்கினார். பின்னால் கொம்பு ஊதுகிறவர் ஒருவர், உளியோடு ஒரு ஆள், ஜன்னலோரத்துப் பெண்.

கல்லையே எடுத்துப்போக வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"பெரியவரே, சந்தோஷமான செய்தி" என்றார் தலைவர். "தலைநகரத்துல இருந்து புது முடிவு வந்திருக்கு. அந்நியச் சொல்லுன்னு உலகத்துல எதுவுமே கிடையாது. எல்லாம் நம்மதுதான். பாரசீகம், அரபு, சீனம் எல்லாம் நம்மகிட்ட இருந்து எடுத்துட்டுப் போனது. அனார் நம்ம வீட்டுப் பொண்ணு. சின்ன வயசுல களவு போயிருக்கா. ஏழு பாட்டனும் கிடைச்சாச்சு."

"போன மாசம் ஒண்ணுகூட இல்லையே" என்றேன்.

"நாங்களே ஏற்பாடு பண்ணிட்டோம்" என்றார். எனக்கு என் ஆறாவது பாட்டன் ஞாபகம் வந்தது. தலைவர் தொடர்ந்தார். "இந்தக் கல்லுல பேரு வெட்டுறதுக்குக் கழகமே அனுமதி தருது. மேல கழகத்தோட சின்னம், அதுக்குக் கீழ என் பேரு, அதுக்குக் கீழ அவங்க பேரு. முதல் கல்லு உங்களோடது. இது பெரிய கௌரவம்."

கொம்புக்காரர் உதட்டை நனைத்துக்கொண்டார். உளிக்காரன் கல்லை நோக்கி நடந்தான். நாங்கள் எல்லாரும் எர்கேஷ் அண்ணனைப் பார்த்தோம். வருஷம் முழுக்க இதற்காகத்தானே அலைந்தார். சாப்பிடாமல் கிடந்தார். குனியக்கூடச் செய்தார்.

அவர் கல்லுக்கும் உளிக்கும் நடுவே வந்து நின்றார்.

"நான் கேக்கலையே" என்றார்.

தலைவருக்குப் புரியவில்லை. "கேட்டீங்களே. எத்தனை தடவை வந்தீங்க."

"அது நேத்து. இன்னைக்கு நான் ஒண்ணும் கேக்கல."

"அனுமதி குடுக்குறோம், பெரியவரே. வேண்டாம்னு சொல்றீங்களா?"

"இருக்கட்டும் ஐயா. வெறுமையாவே இருக்கட்டும்."

தலைவர் எர்கேஷ் அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஓதிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார். பிறகு அந்தக் கல்லைச் சுற்றி ஒரு முறை நடந்து வந்தார். முன்புறம் ஒன்றுமில்லை. பின்புறமும் ஒன்றுமில்லை. விரலால் தடவிப் பார்த்தார். அவர் வாழ்நாளில் அப்படிச் சந்தேகப்பட்டு எதையும் பார்த்திருக்க மாட்டார். விசாரிக்க அதில் ஒரு சொல்லும் இல்லை. காருக்குத் திரும்பிப் போகும்போது அந்த வழவழப்பில் தன் முகம் தெரிந்ததை ஒரு கணம் நின்று பார்த்தார். கொம்புக்காரர் ஊதாமலேயே ஏறிக்கொண்டார்.

முதல் கார் போய்விட்டது. இரண்டாவது காரில் ஏறாமல் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். வேவு பார்க்க விட்டுப் போயிருக்கிறார்கள் என்று நான் எர்கேஷ் அண்ணனின் கையைத் தொட்டேன். அவர் கவனிக்கவில்லை.

அவள் வேலிக்கு வெளியே நின்றபடியே கேட்டாள். ஆபீசில் கேட்டுக் கேட்டு அவளுக்கு அந்தப் பெயர் மனப்பாடமாகியிருக்கும். இருந்தாலும் கேட்டாள்.

"பெரியப்பா, இது யாரோட கல்லு?"

"அனார்கானோடது" என்றார் எர்கேஷ் அண்ணன். "என் பொண்டாட்டி. உள்ள வாம்மா. உன் பேரு என்ன?"

அவள் சட்டையிலிருந்த வெற்று அட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"பெர்மெத்" என்றாள்.